பரணில் ஏறவிருந்த மடிக்கணினி

திருநெல்வேலியில் இருக்கும் என் சர்வீஸ் கடைக்குப் போன மாதம் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் வந்தார். கையில் 2016-இல் வாங்கிய மடிக்கணினி. “தம்பி, இதுல விண்டோஸ் 11 ஏறாதாம்லா. பரண்ல தூக்கிப் போட்டுடவா?” என்றார்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் புதிய தலைமுறை பிராசஸர் அவருடைய மெஷினில் இல்லை. ஆனால் கழற்றிப் பார்த்தால் பேட்டரி மட்டும்தான் தளர்ந்திருந்தது. நல்ல மெஷினைத் தூக்கி எறிய எனக்கு மனசு வராது.

விண்டோஸ் போன்ற இயங்குதளம் என்ன செய்கிறது என்று அவருக்குத் திரையிலேயே காட்டினேன். பாட்டு ஓடுகிறது, பிரின்டருக்கு ஒரு பக்கம் போகிறது, நடுவில் டீச்சர் தட்டச்சு செய்கிறார். மூன்றும் அதே பிராசஸரை, அதே ரேமைக் கேட்கின்றன. யாருக்கு எப்போது, எவ்வளவு நேரம் என்று ஓயாமல் பரிமாறுவதுதான் இயங்குதளத்தின் வேலை. இந்தப் பந்தி முறை ஒவ்வொரு கருவியிலும் வேறு. மேசைக் கணினியில் எல்லாரும் பசியாற வேண்டும். போனிலோ பேட்டரி தாங்கவேண்டும் என்பதால், சும்மா உட்கார்ந்திருக்கும் ஆப்களை எழுப்பி அனுப்பிவிடும்.

காரின் பிரேக் போன்றவற்றுக்கு நிகழ்நேர இயங்குதளம் வேண்டும். அங்கே அவசர வேலை குறித்த கணத்துக்குள் முடிந்தே ஆகவேண்டும். 1997 ஜூலையில் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டரில் இருந்த விஎக்ஸ்வொர்க்ஸ் அந்த வகை. இறங்கிய சில நாளில் அந்தக் கணினி தானாக ரீசெட் ஆகத் தொடங்கியது. வானிலைத் தகவல் சேர்க்கும் சிறிய வேலை ஒன்று, எல்லாருக்கும் பொதுவான ஒரு பூட்டைக் கையில் வைத்திருந்தது. அவசர வேலை அதற்காகக் காத்து நின்றது. இடையில் நடுத்தர வேலைகள் புகுந்து, சிறிய வேலையை முடிக்கவிடவில்லை. அவசர வேலை முடியாததைக் கண்ட காவல் அமைப்பு, கணினியையே திரும்பத் திரும்ப ரீசெட் செய்தது. பொறியாளர்கள் பூமியில் அதே நிலையை உண்டாக்கிக் காரணத்தைப் பிடித்தார்கள். பூட்டு வைத்திருக்கும் வேலைக்கு அந்த நேரம் மட்டும் முன்னுரிமையை உயர்த்தும் வசதியை இங்கிருந்தே இயக்கிவிட்டார்கள். ரிப்பேர் வேலை செய்கிற எனக்கு இதைவிடப் பெரிய ரிப்பேர் தெரியாது.

“லினக்ஸ் போடட்டுமா டீச்சர்?”

“அது இன்ஜினியருங்களுக்குல்லா?”

“உங்க ஆண்ட்ராய்டு போனுக்கு அடியில ஓடுறது லினக்ஸ்தான் டீச்சர்.”

1991-இல் ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 21 வயது லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது அது. முன்மாதிரி, 1969-இல் பெல் ஆய்வகத்தில் பிறந்த யுனிக்ஸ். ஆப்பிளின் மேக் கணினிகளும் யுனிக்ஸ் வழி வந்தவைதான்.

விண்டோஸுக்காகவே எழுதிய சில கணக்கு மென்பொருள்கள் லினக்ஸில் சரியாக ஓடாது. அதனால் என்ன வேலைக்கு என்று முதலில் கேட்டுவிடுவேன். டீச்சருக்குக் கடிதம் எழுதவும் பேத்தியோடு வீடியோவில் பேசவும் போதும். லினக்ஸில் ஒரு வகையான லினக்ஸ் மின்டைப் பென்டிரைவிலிருந்தே ஓட்டிக் காட்டினேன். உள்ளே எதையும் அழிக்காமல் இப்படிப் பார்த்துக்கொள்ளலாம். தமிழ் விசைப்பலகையைச் சேர்த்ததும் பேத்தியின் பெயரை அடித்துப் பார்த்தார். பிறகுதான் ஃபைல்களை பேக்கப் எடுத்து, பேட்டரியை மாற்றி, முழுதாக ஏற்றினேன்.

வாங்கிக்கொண்டு படியிறங்கியவர் திரும்பி வந்தார். “பரண்ல ஏற்கெனவே ஒண்ணு கிடக்கு தம்பி. நாளைக்கு எடுத்துட்டு வாரேன்.”