வளர்ந்த பிள்ளையின் இருதயமும் பெற்றோர் கடமையும்

தோளுக்கு மிஞ்சினால் தோழன் என்பது நம் முன்னோர் மொழி. பிள்ளை வளர்ந்து ஆளாகிவிட்டால் கட்டளையும் அதட்டலும் ஓய்ந்து, அன்பும் ஆலோசனையும் நிலைக்க வேண்டும் என்பதே அதன் கருத்து. இருதய நோயுள்ள மகனையோ மகளையோ வளர்த்து ஆளாக்கிய பெற்றோர்க்கு இதனைக் கைக்கொள்வது மிகவும் அரிது. ஆறு மாதத்திற்கொரு முறையோ ஆண்டிற்கொரு முறையோ எடுக்கப்படும் எக்கோ பரிசோதனையின் எண்கள் சற்று நன்றாயிருந்தால் வீட்டில் தீபாவளி. சற்றுக் குறைந்திருந்தால் அன்று அடுப்பில் உலை ஏறுவதில்லை. இந்த ஏற்ற இறக்கத்தின் பொருள் யாது, அதன் நடுவே பெற்றோர் நிற்க வேண்டிய இடம் எது என்பவற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

நோயின் வேர்

பிறவியிலேயே அமையும் குறைகள் ஒருபுறமிருக்க, நம் நாட்டின் இளவயதினரைப் பெரிதும் வாட்டி வந்துள்ளது ருமாட்டிக் காய்ச்சலால் விளையும் வால்வு நோயாகும். பெரும்பாலும் 5 முதல் 15 வயதுக்குட்பட்ட சிறுவர்க்கு வரும் தொண்டைப் புண்ணே இதன் தொடக்கம். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமியை எதிர்க்கப் புறப்படும் உடலின் காவற்படை, கிருமி எது, இருதயம் எது என்று பிரித்தறியாமல் தன் வீட்டையே தாக்கிவிடுகிறது. மூட்டு வீக்கம் சில வாரங்களில் மறைந்துவிடும். வால்வில் ஆழப் பதிந்த தழும்போ மறைவதில்லை. பல ஆண்டுகள் கழித்து, பிள்ளைக்குப் படியேறும்போது மூச்சு வாங்கிய பிறகே பல வீடுகளில் உண்மை வெளிப்படுகிறது.

மக்கள் நெருங்கி வாழும் இடங்களில் இக்கிருமி எளிதிற் பரவும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொட்டுத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலை நாடி வந்து தாராவியில் குடியேறிய நம்மவர், ஓர் அறையில் ஒரு குடும்பம் முழுவதுமாக வாழ்ந்தே மக்களைப் படிக்க வைத்தனர். அத்தகைய வீட்டில் ஒரு குழந்தையின் தொண்டை நோய் மற்றொரு குழந்தையைத் தொட்டதென்றால், அது இட நெருக்கடியின் குற்றமேயன்றித் தாயின் குற்றமன்று. அன்றே கவனித்திருக்கலாமே என்று தம்மைத் தாமே நொந்துகொள்ளும் அன்னையர் இதனை மனத்திற் கொள்வாராக.

இந்நோயை ஆராய்ந்த பெருமக்களுள் ஒருவரும் நம்மைப் போல் இடம் பெயர்ந்தவரே. 1917இல் பர்மாவில் பிறந்து ரங்கூனில் வைத்தியம் பயின்ற டாக்டர் எஸ். பத்மாவதி, யுத்தத்தின் காரணமாக 1942இல் கோயம்புத்தூர் வந்து சேர்ந்தார். பின்னர் டில்லியில் பணியாற்றி, இந்தியாவின் முதல் பெண் இருதய நிபுணர் எனப் பெயர் பெற்றார். 2020இல் தமது 103ஆம் வயதில் அவர் மறைந்தார்.

எதிரொலி சொல்லும் செய்தி

எக்கோ என்றால் எதிரொலி. உலோகத்தில் ஒளிந்திருக்கும் விரிசலைக் காண ஆக்கப்பட்ட ஒலிக்கருவியை இருதயத்தின் பக்கம் திருப்பினால் என்ன என்று எண்ணியவர்கள், ஸ்வீடன் நாட்டு லுண்ட் நகரத்து வைத்தியர் இங்கே எட்லரும் பௌதிக அறிஞர் ஹெல்முத் ஹெர்ட்ஸும் ஆவர். 1953இல் அவர்களது முயற்சி கைகூடியது. செவிக்கு எட்டாத ஒலியலை மார்பினுட் சென்று திரும்பி வந்து, வால்வின் அசைவையும் இரத்த ஓட்டத்தையும் படமாகக் காட்டுகிறது. எக்ஸ்ரே போன்ற கதிர் இதில் இல்லாமையால், கர்ப்பிணிகளும் அஞ்சாது செய்துகொள்ளலாம்.

தாளிலுள்ள எண்களுள் இரண்டினைப் பெற்றோர் அறிந்திருப்பது நலம். ஒன்று எஜெக்ஷன் பிராக்ஷன். இடது கீழறையிலுள்ள இரத்தத்தில் எத்தனை சதவீதம் ஒரு துடிப்பில் வெளியே தள்ளப்படுகிறது என்பதை இது கூறும். மற்றொன்று மைட்ரல் வால்வின் வாய்ப்பரப்பு. இது வழக்கமாக 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் வரை இருக்கும், 1.5 அல்லது அதற்கும் கீழே சுருங்கினால் நோய் கடுமை அடைந்ததெனக் கொள்வர்.

எண்கள் ஏன் மாறுகின்றன?

சென்ற முறை 60 என்றிருந்தது இம்முறை 55 ஆயிற்றே என்று பதறுவோர் பலர். ஒரே மனிதரை ஒரே வாரத்தில் இருவர் பரிசோதித்தாலும் இத்தகைய வேறுபாடு வரக்கூடும். படம் எடுத்த கோணமும், அளந்தவரின் கையும், கருவியின் தன்மையும் எண்ணை மாற்றும். காய்ச்சல், இரத்தசோகை, இரத்த அழுத்தம், நாடியின் வேகம் ஆகியவையும் மாற்றும். ஆகவே ஒரு தாளைக் கொண்டு தீர்ப்புக் கூறலாகாது. பல ஆண்டுகளின் தாள்களை வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் நோயின் போக்கு விளங்கும்.

மெய்யான மாற்றமும் உண்டு. கிருமி மீண்டும் தாக்கினால் வால்வு மேலும் கெடும். அதனைத் தடுக்கவே 3 அல்லது 4 வாரங்களுக்கொரு முறை பென்சிலின் ஊசி போடப்படுகிறது. எக்கோவில் மட்டுமே தென்பட்ட ஆரம்ப நோயுடைய 5 முதல் 17 வயது வரையுள்ளோரிடம் உகாண்டா நாட்டில் நடந்த ஓர் ஆராய்ச்சி 2021இல் வெளியாயிற்று. ஈராண்டு ஊசி பெற்றவருள் நோய் முற்றியது 100க்கு 1க்கும் குறைவு. பெறாதவருள் ஏறத்தாழ 8. வளர்ந்தவர்க்கு இவ்வெண்கள் அப்படியே பொருந்தா எனினும், ஊசியின் அருமை இதனால் விளங்கும். இப்பொழுது உடம்பு நன்றாயிருக்கிறதே என்று கருதியோ, கோடை விடுமுறைக்கு ஊருக்குச் செல்வதாலோ டாக்டரின் சொல்லின்றி அதனை நிறுத்துதல் தகாது. வால்வு மிகவும் சுருங்கினாலும் வழி உண்டு. தக்கவர்க்கு மார்பைத் திறவாமலே பலூன் கொண்டு வால்வை விரிக்கும் முறையை ஜப்பானிய அறிஞர் இனோவே 1982இல் கையாண்டு காட்டினார்.

பெற்றோர் நிற்கும் இடம்

தாளை முதலிற் காண வேண்டியவர் யார்? பிள்ளை பதினெட்டு வயதைக் கடந்தவராயின், அவரே. மகளுக்குத் தெரியாமல் ரிப்போர்ட்டைத் தகப்பனார் பீரோவில் பூட்டி வைப்பதும், வரன் பார்க்கும் வேளையில் ஊசியையே மறைத்து நிறுத்துவதும் அன்பினால் செய்யப்படுவனவே. ஆயினும் அவற்றின் விளைவு கொடிது. கருவுற்ற காலத்தில் உடலில் ஓடும் இரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதியளவு பெருகும், நாடியும் விரையும். குறுகிய வால்வு அப்பாரத்தைத் தாங்காது போகலாம். திருமணத்திற்கும் கருத்தரிப்பிற்கும் முன்பே இருதய டாக்டரைக் கலந்துகொண்டால், வேண்டிய சிகிச்சையை முன்னதாகவே செய்துகொள்ள இயலும். மறைத்து முடிக்கும் சம்பந்தத்தில் பணயமாக வைக்கப்படுவது மகளின் உயிரே என்பதை உணர்தல் வேண்டும். வரன் வீட்டாரிடம் எப்பொழுது, எவ்வாறு கூறுவது என்பதைத் தீர்மானிக்கும் உரிமையும் அவளுடையதே.

அப்படியாயின் பெற்றோர்க்கு வேலை இல்லையோ? உண்டு. சயான் ஆஸ்பத்திரிக்கும் பரேல் கே.இ.எம். ஆஸ்பத்திரிக்கும் செல்வோர் கேஸ் பேப்பரையும் எக்கோத் தாள்களையும் தேதி வரிசையில் ஒரே பைலில் சேர்த்து வைக்கலாம். கூடுமானவரை ஒரே இடத்தில் பரிசோதனை செய்துகொள்ளத் தூண்டலாம். பிள்ளை விரும்பினால் உடன் சென்று அமரலாம். சென்ற முறைக்கும் இம்முறைக்கும் உள்ள வேறுபாடு மெய்யானதா, சிகிச்சையில் மாற்றம் வேண்டுமா, அடுத்த பரிசோதனை எப்போது என்னும் மூன்று கேள்விகளை எழுதிக் கொடுத்து, பிள்ளையையே கேட்கச் சொல்லலாம். படுத்தால் மூச்சுத் திணறல், கால் வீக்கம், ஓயாத படபடப்பு ஆகியவை தோன்றினால் அடுத்த தவணை வரும் வரை காத்திராமல் டாக்டரிடம் செல்ல வேண்டும். திடீரென ஒரு கை சோர்தலோ பேச்சுக் குழறலோ கண்டால் அக்கணமே ஆஸ்பத்திரிக்கு விரைய வேண்டும்.

தாளில் உள்ள எண்ணை மாற்றும் வல்லமை பெற்றோரின் கண்ணீருக்கு இல்லை. தவறாத ஊசிக்கும், ஒளிவற்ற பேச்சுக்கும், ஒழுங்காக வைத்த தாள்களுக்கும் பிள்ளையைக் காக்கும் ஆற்றல் உண்டு. அவ்வாறு துணை நிற்கும் பெற்றோரே தோளுக்கு மிஞ்சிய பிள்ளைக்கு மெய்யான தோழராவர்.