கேமரா தெரிந்தால் போதுமா? மாணவர் குறும்படம் சொல்லித்தரும் தொழில்நுட்பப் பாடங்கள்

2024 மே மாதம் கான் திரைப்பட விழாவில், உலகெங்கும் உள்ள திரைப்படக் கல்லூரி மாணவர்களுக்கான ‘லா சினெஃப்’ பிரிவின் முதல் பரிசை ஒரு கன்னடக் குறும்படம் தட்டிச் சென்றது. பெயர் ‘சன்ஃப்ளவர்ஸ் வேர் த ஃபர்ஸ்ட் ஒன்ஸ் டு நோ’. புனே திரைப்படக் கல்லூரியின் தொலைக்காட்சிப் பிரிவில், ஓராண்டுப் படிப்பின் இறுதிப் பயிற்சியாக எடுக்கப்பட்ட படம் அது. மூதாட்டி ஒருத்தி ஊர்ச் சேவலைத் திருடிக்கொண்டு போய்விட, பொழுதே விடியாமல் போகும் நாட்டுப்புறக் கதை. படப்பிடிப்பு நான்கே நாள். இயக்கிய சிதானந்த நாயக், மருத்துவம் படித்துவிட்டு சினிமாவுக்கு வந்தவர்.

அந்தப் பயிற்சியின் அமைப்பு கவனிக்க வேண்டியது. இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலி என நான்கு துறை மாணவர்கள் சேர்ந்து ஒரே படத்தை முடித்துக் கொடுக்க வேண்டும். ஒருவர் எடுக்கும் முடிவு அடுத்தவர் தலையில் விடியும். ஒலிப்பதிவில் கோட்டை விட்டால் எடிட்டர் அவதிப்படுவார்; எடிட்டரைக் கேட்காமல் கேமராவில் ஒரு பொத்தானை மாற்றினால் கடைசியில் திரையரங்கு புரொஜெக்டர் வரை அது போய் நிற்கும்.

தமிழ்நாட்டில் விஸ்காம் படிக்கும் மாணவர்களுக்கும் செமஸ்டர் குறும்படம் என்பது தவிர்க்க முடியாத சடங்கு. “எந்த கேமரா?” என்பதுதான் அங்கே முதல் கேள்வி. ஆனால் ஒரு பத்து நிமிடப் படம் கற்றுத்தரும் தொழில்நுட்பங்களில் கேமரா ஒரு பகுதிதான். மற்றவற்றையும் வரிசையாகப் பார்க்கலாம்.

ஃபிலிம் போய், கார்டு வந்த கதை

1945இல் தொடங்கி, இன்று சென்னை தரமணியில் எம்.ஜி.ஆர். பெயரில் இயங்கும் அரசு திரைப்படக் கல்லூரி பல தலைமுறைக் கலைஞர்களை உருவாக்கியது. அங்கே படித்து வெளிவந்தவர்கள் சேர்ந்து எடுத்த ‘ஊமை விழிகள்’ 1986இல் வெளியாகி, ‘ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் பசங்க’ என்ற பெயருக்குக் கோடம்பாக்கத்தில் தனி மரியாதை தேடித் தந்தது. அந்தக் காலத்தில் 400 அடி 35 எம்.எம். சுருள் நாலரை நிமிடம்கூட ஓடாது. அதனால் ஒத்திகை பார்க்காமல் யாரும் கேமராவை ஓடவிட மாட்டார்கள்.

2008இல் வந்த கேனன் 5டி மார்க் 2 நிலைமையைத் தலைகீழாக்கியது. புகைப்படக் கேமராவிலேயே முழு எச்.டி. வீடியோ, பின்புலம் மங்கி, முகம் மட்டும் துலங்கும் ‘சினிமா லுக்’. கலைஞர் தொலைக்காட்சியின் ‘நாளைய இயக்குநர்’ நிகழ்ச்சியும் யூடியூபும் குறும்படங்களுக்குக் களம் அமைத்துக் கொடுத்ததும் ஏறக்குறைய அதே காலத்தில்தான். கார்த்திக் சுப்பராஜ், நலன் குமாரசாமி, பாலாஜி மோகன் போன்றவர்கள் அந்த வழியாக வந்தவர்களே. பாலாஜி மோகனின் ‘காதலில் சொதப்புவது எப்படி’ குறும்படம், அதே பெயரில் 2012இல் முழுநீளப் படமாகவும் ஆனது.

எழுதும் கட்டம்

திரைக்கதை எழுத ஃபைனல் டிராஃப்ட் போன்ற கட்டண மென்பொருள்கள் உண்டு. அது கட்டாயமில்லை. 2012இல் வெளியான ‘ஃபவுன்டன்’ என்ற எழுத்துமுறை, சாதாரண டெக்ஸ்ட் கோப்பிலேயே காட்சித் தலைப்பு, பாத்திரம், வசனம் எல்லாவற்றையும் பிரித்துக்காட்ட வழி செய்கிறது. செலவு ஒன்றும் இல்லை.

ஒரு பக்கம் என்றால் ஒரு நிமிடம் என்பது ஹாலிவுட் கணக்கு. 12 புள்ளி கூரியர் எழுத்துருவில், ஆங்கிலத்தில் தட்டினால்தான் அது ஓரளவு பொருந்தும். தமிழில் எழுத்துருவும் சொல் நீளமும் வேறு. எனவே வசனத்தை வாய்விட்டுப் படித்து, செல்போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்ப்பதே நம்பகமான வழி. அடுத்து எக்செல் போன்ற ஓர் அட்டவணையில் காட்சி எண், இடம், பகலா இரவா, நடிகர், உடை, பொருள் என்று பிரித்துப் போட வேண்டும். ஒரே இடத்தில் நடக்கும் காட்சிகளைச் சேர்த்து எடுத்தால் ஒரு நாள் வாடகை மிச்சம். தயாரிப்பு நிர்வாகம் என்பது இந்த அட்டவணையில்தான் தொடங்குகிறது.

ட்யூப்லைட் ஏன் மினுங்குகிறது?

வகுப்பறையில் எடுத்த காட்சியை லேப்டாப்பில் போட்டுப் பார்த்தால், சுவர் முழுக்க மெல்லிய கறுப்புப் பட்டைகள் ஊர்ந்துகொண்டிருக்கும். கேமரா பழுதில்லை, கணக்குதான் பிசகியிருக்கிறது.

இந்தியாவில் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் விளக்கு இருமுறை ஏறி இறங்குவதால், பழைய ட்யூப்லைட்டும் மலிவான எல்.இ.டி.யும் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. கண்ணுக்கு இது தெரியாது. கேமராவின் ஷட்டர் 1/50 நொடி திறந்திருந்தால், ஒவ்வொரு ஃப்ரேமிலும் சரியாக இரண்டு துடிப்புகள் பதிவாகும். வெளிச்சம் சீராக இருக்கும். 1/60 என்று வைத்தால் கணக்கு உதைக்கும், பட்டை விழும். அமெரிக்காவில் மின்சாரம் 60 சுற்று என்பதால் அங்கே 1/60 சரி. அங்கிருந்து வரும் யூடியூப் பாடத்தைப் பார்த்து அப்படியே வைத்தால் இங்கே எடுபடாது.

நொடிக்கு 24 ஃப்ரேமா, 25ஆ என்பது அடுத்த கேள்வி. 5டி மார்க் 2 வெளிவந்தபோது 30 ஃப்ரேம் மட்டுமே கொடுத்தது. ஒளிப்பதிவாளர்கள் நச்சரித்ததன் பலனாக 2010இல் வந்த ஃபர்ம்வேர்தான் 24, 25 இரண்டையும் சேர்த்தது. திரையரங்கின் வழக்கம் 24. அதில் எடுத்துக்கொண்டே ஷட்டரை 1/50இல் வைக்கலாம். ஷட்டரைக் கோணத்தில் சொல்லும் சினிமா கேமராக்களில் இதற்கு 172.8 டிகிரி.

செல்போனில் எடுப்பவர்களுக்குக் கூடுதல் எச்சரிக்கை ஒன்று. போனின் சொந்தக் கேமரா செயலி பெரும்பாலும் ஃப்ரேம் வேகத்தை நிலையாக வைத்திருக்காது. வெளிச்சத்துக்கேற்பக் கூட்டிக் குறைக்கும். தனியாகப் பதிவுசெய்த ஒலியை அதனோடு சேர்த்தால், தொடக்கத்தில் பொருந்திய உதட்டசைவு போகப்போக விலகும். வேகத்தைப் பூட்டிவைக்கும் செயலிகள் இருக்கின்றன. பிளாக்மேஜிக் கேமரா செயலி இலவசமாகவே கிடைக்கிறது.

சாயம் போன படம்

‘லாக்’ முறையில் எடுத்த காட்சியை முதன்முறை பார்ப்பவர் திடுக்கிடுவார். வெளுத்துத் துவைத்த சட்டைபோல நிறமே இருக்காது. வெயிலில் நிற்கும் முகத்தையும் திண்ணை நிழலையும் ஒரே ஷாட்டில் காப்பாற்ற, கேமரா வெளிச்ச விவரங்களை அப்படி நெருக்கி அடுக்கி வைக்கிறது. ‘கிரேடிங்’ எனப்படும் நிறத் திருத்த மேசையில்தான் அவை விரிந்து நிறம் பெறும்.

அங்கேதான் ‘பிட்’ கணக்கு வருகிறது. 8 பிட் பதிவில் ஒவ்வொரு அடிப்படை நிறத்துக்கும் 256 படிகள். 10 பிட்டில் 1,024. லாக் காட்சியை 8 பிட்டில் எடுத்துவிட்டுப் பிறகு இழுத்து விரித்தால், மாலை வானம் படிப்படியாகக் கோடு விழுந்து தெரியும். 10 பிட் வசதி இல்லாத கேமராவில் லாக் வேண்டாம். சாதாரண நிற அமைப்பிலேயே, வெள்ளைச் சமநிலையைக் கையால் பூட்டி எடுப்பது மேல்.

கண்ணை ஏமாற்றலாம், காதை முடியாது

ஷான் பேக்கரின் ‘டேஞ்சரின்’ 2015இல் சண்டான்ஸ் விழாவில் திரையிடப்பட்டபோது, அது ஐஃபோன் 5எஸ்ஸில் எடுத்த படம் என்ற செய்தி உலகைச் சுற்றியது. ஒலியைப் போனில் பிடிக்கவில்லை, அதற்குத் தொழில்முறைக் கருவிகளைத் தனியே வைத்துக்கொண்டார்கள் என்பது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை.

தமிழ் சினிமா நெடுங்காலம் டப்பிங்கை நம்பியே வளர்ந்தது. படப்பிடிப்பில் இயக்குநர் சத்தம் போட்டுச் சொல்லிக்கொடுப்பார். வசனத்தைப் பிறகு ஸ்டுடியோவில் பேசிக்கொள்வார்கள். ‘லகான்’ (2001) போன்ற படங்களுக்குப் பிறகு நேரடி ஒலிப்பதிவுமேல் கவனம் திரும்பியது. டப்பிங் ஸ்டுடியோவுக்குக் காசில்லாத மாணவர்களுக்கு வேறு வழியும் இல்லை.

அடிப்படை எளிது. பூம் மைக் ஃப்ரேமுக்கு வெளியே, நடிகரின் வாய்க்கு எவ்வளவு அருகில் வர முடியுமோ அவ்வளவு அருகில் இருக்க வேண்டும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்பது பதிவின் வழக்கமான அளவு. புதிய ரெக்கார்டர்களில் ‘32 பிட் ஃப்ளோட்’ வசதி உண்டு. நடிகர் திடீரென்று கத்தினாலும் பதிவு சிதையாது, பிறகு குறைத்துக்கொள்ளலாம். மைக்கே தாங்காத சத்தமென்றால் அதுவும் கைகொடுக்காது.

வீட்டுக்குள் படப்பிடிப்பு என்றால் மின்விசிறி, ஏ.சி., ஃப்ரிட்ஜ் மூன்றையும் அணைக்க வேண்டும். ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டு வண்டிச் சாவியை அதற்குள்ளேயே வைப்பது ஒலிப்பதிவாளர்களிடையே பழைய தந்திரம். கிளம்பும்போது சாவி தேடினால்தான் ஃப்ரிட்ஜைத் திரும்பப் போடும் ஞாபகம் வரும். புறப்படுவதற்கு முன் எல்லோரும் அரை நிமிடம் பேசாமல் நிற்க, அந்த அறையின் வெற்று ஒலியை, அதாவது ‘ரூம் டோனை’, பதிவுசெய்துகொள்ள வேண்டும். வசனத்துக்கு நடுவே குக்கர் விசிலை வெட்டி எடுத்த இடத்தை நிரப்ப எடிட்டருக்கு அது தேவைப்படும்.

கிளாப் அடிப்பதும் வெறும் சம்பிரதாயமில்லை. கட்டை சேரும் ஃப்ரேமையும் ‘டக்’ என்ற ஒலியலையையும் ஒன்றாக வைத்தால் படமும் ஒலியும் பொருந்திவிடும். இன்றைய எடிட்டிங் மென்பொருள்கள் ஒலியலையை ஒப்பிட்டுத் தாமே பொருத்துகின்றன. அதற்குக் கேமராவின் சொந்த மைக்கும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

ஒரே பிரதி என்றால் பிரதியே இல்லை

1998இல் பிக்ஸார் நிறுவனத்தில், தயாரிப்பிலிருந்த ‘டாய் ஸ்டோரி 2’ படத்தின் கோப்புகளில் பெரும்பகுதி ஒரு தவறான கட்டளையால் அழிந்தது. பேக்கப்பைத் தேடினால் அது ஒழுங்காக இயங்கியிருக்கவில்லை. குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்த்துவந்த காலின் சுஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநரின் கணினியில் ஒரு பிரதி இருந்தது. அதைப் போர்வையில் சுற்றிக் காரில் எடுத்துவந்து படத்தை மீட்டார்கள்.

மாணவர்களுக்கு இதன் பாடம் ‘3-2-1’ விதி: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறோர் இடத்தில். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் 4கே எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜி.பி. ஆகும். மூன்று பிரதிகளுக்கு 135. ஹார்ட் டிஸ்க் செலவைக் கேமரா வாடகையோடு சேர்த்தே பட்ஜெட்டில் எழுத வேண்டும். குறைந்தது இரண்டு பிரதி எடுத்து, திறந்து ஓட்டிப் பார்த்த பிறகே கார்டை ஃபார்மேட் செய்ய வேண்டும். அதற்கென்று குழுவில் ஒருவர் பொறுப்பேற்பது நல்லது.

எடிட் மேசையில்

நிறத் திருத்தத்துக்குப் பெயர்போன டாவின்சி ரிசால்வ், ஒரு காலத்தில் பெரிய ஸ்டுடியோக்கள் மட்டுமே வாங்க முடிந்த இயந்திரம். 2009இல் பிளாக்மேஜிக் டிசைன் அதை உருவாக்கிய நிறுவனத்தை வாங்கியது. 2011இல் இலவசப் பதிப்பு வந்தது. இன்று எடிட்டிங், கிரேடிங், ஒலிக்கலவை, கிராஃபிக்ஸ் நான்கும் ஒரே மென்பொருளில். ஆனால் இலவசப் பதிப்பு சில வகைக் கேமரா கோப்புகளைத் திறக்க மறுக்கும் என்பதை முன்பே சோதித்துக்கொள்ள வேண்டும்.

4கே கோப்பு சாதாரண லேப்டாப்பில் திணறும். ‘ப்ராக்ஸி’ எனப்படும் சின்னப் பிரதிகளை உருவாக்கி, அவற்றில் வெட்டி ஒட்டிவிட்டு, முடிவில் அசல் கோப்புக்கு மாறிக்கொண்டால் சிக்கல் தீரும்.

தமிழ்ப் படங்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு. டைட்டிலில் ‘கொ’ என்று தட்டினால் கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகி நிற்கும். எழுத்துரு கெட்டுப்போகவில்லை; மென்பொருள் இந்திய எழுத்துகளை அடுக்கும் முறைக்கு மாறவில்லை. அடோபி பிரீமியரில் எழுத்துக்கான அமைப்பைத் ‘தெற்காசிய’ வகைக்கு மாற்றி, யூனிகோட் எழுத்துருவைப் பயன்படுத்தினால் சரியாகிவிடும். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருக்கள் இலவசம்.

கிராஃபிக்ஸுக்கு, திறந்த மூல மென்பொருளான பிளெண்டர் இருக்கிறது. லாட்வியாவின் கின்ட்ஸ் ஸில்பலோடிஸ் அதில் உருவாக்கிய ‘ஃப்ளோ’, 2025இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வென்றது. பின்னணி இசையில் மட்டும் விளையாட வேண்டாம். உரிமை வாங்காத சினிமாப் பாட்டை யூடியூபின் தானியங்கிச் சோதனை நிமிடங்களில் கண்டுபிடித்துவிடும். விழாக்களும் உரிமைக் கடிதம் கேட்கும்.

கடைசி நிறுத்தம்: திரையரங்கு

திரையரங்கில் ஓடுவது எம்.பி.4 கோப்பு அல்ல; டி.சி.பி. என்ற தொகுப்பு. ஒவ்வொரு ஃப்ரேமும் ஜேபெக் 2000 முறையில் சுருக்கப்பட்டிருக்கும். 2கே என்றால் 2048-க்கு 1080 புள்ளிகள். டி.சி.பி.-ஓ-மேட்டிக் என்ற இலவச மென்பொருள் இதைச் செய்துதரும்.

முதல் நாள் எடுத்த முடிவு இங்கே வந்து நிற்கும். எல்லா அரங்கிலும் சிக்கலின்றி ஓடுவது 24 ஃப்ரேம் தொகுப்பு. 25இல் எடுத்த பத்து நிமிடப் படத்தை 24இல் ஓட்டினால், அது 25 நொடி நீளும். சரிசெய்யாவிட்டால் குரலும் சற்றுக் கனத்துக் கேட்கும். படப்பிடிப்புக்கு முன்பே திரையிடும் வடிவத்தைத் தீர்மானித்திருந்தால் இந்தத் தலைவலி வராது.

குறும்படத்துக்குத் தயாராகும் மாணவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். படப்பிடிப்புக்கு ஒரு வாரம் முன்பு, எடுக்கப்போகும் அதே கேமராவிலும் மைக்கிலும் ஒரு நிமிடக் காட்சியைப் பதிவுசெய்யுங்கள். அதை எடிட் செய்து, நிறம் திருத்தி, தமிழில் டைட்டில் போட்டு, டி.சி.பி.யாக்கி, அரங்கிலோ கல்லூரிப் புரொஜெக்டரிலோ ஓட்டிப் பாருங்கள். பட்டை, உதட்டசைவு, கொம்பு, கோப்பு என எந்தக் கோளாறு இருந்தாலும் நடிகர்கள் வருவதற்கு முன்பே தெரிந்துவிடும். திருத்த அவகாசமும் கையில் இருக்கும்.