வாசலில் உட்காரும் வசூலும் வந்துவிட்ட சட்டமும்

குமாரபாளையத்துத் தறிக்காரர் வீடுகளில் கிழமைக்கு வேறொரு பெயர் உண்டு. திங்கள் ஒரு கடன் கம்பெனி, செவ்வாய் இன்னொன்று, புதனும் வியாழனும் வேறு இரண்டு. சனிக்கிழமை கைக்கு வரும் கூலி அடுத்த சனிக்கிழமைக்குள் நான்கு இடங்களுக்குப் பிரிந்து போய்விடும். ஒரு வாரம் தவறினால் போதும். வசூலுக்கு வந்தவர் வாசலில் உட்கார்ந்துகொள்வார். அதே கடன் குழுவில் இருக்கும் மற்ற பெண்களையும் எழவிட மாட்டார். "நீங்க டியூ வெக்காம நாங்க யாரும் எந்திரிக்க முடியாதுங்கக்கா" என்று பக்கத்து வீட்டுப் பெண்ணே கெஞ்சும் நிலை வரும். பணத்துக்கான நெருக்கடி அத்தோடு மானத்துக்கான நெருக்கடியாகிவிடுகிறது.

இப்படி வாசலில் உட்காருவதைப் பற்றி நாட்டில் விதி இருக்கிறது, மாநிலத்தில் சட்டமும் இருக்கிறது. அது யாருடைய வாசலில் நடக்கிறதோ அவர்களுக்குத்தான் அந்த விதியும் சட்டமும் தெரியாது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

கடன் இந்த ஊருக்குப் புதிதல்ல. காவிரியின் இக்கரையில் குமாரபாளையம், அக்கரையில் பவானி. இரண்டு ஊரின் நெசவுத் தொழிலாளரையும் நேரில் ஆராய்ந்து கீர்ட் டி நேவ் என்ற மானுடவியலாளர் 2005இல் ஒரு நூலே எழுதினார். தறிப்பட்டறை முதலாளி கொடுக்கும் முன்பணத்தை இங்கே எல்லோரும் சொல்வதுபோல அவரும் 'பாக்கி' என்றே குறித்தார். ஆள் நிலைத்து நிற்க வேண்டும் என்று முதலாளி பாக்கி கொடுக்கிறார். கல்யாணம், சீர், ஆஸ்பத்திரிச் செலவு என்று தொழிலாளி வாங்குகிறார். முன்பு இந்த ஒரு பாக்கிதான் இருந்தது. பின்னால் குழுக்கடன் வந்தது, வாரக் கந்து வந்தது, கடைசியாகச் செல்போன் செயலிக் கடனும் வந்து சேர்ந்தது. ஒன்றை அடைக்க இன்னொன்று.

அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி என்ன என்பதை 2025 ஜூலையில் தமிழ்நாடே பார்த்தது. குமாரபாளையம் தொகுதிக்குள் இருக்கும் பள்ளிபாளையத்தில், கடனில் மூழ்கிய விசைத்தறித் தொழிலாளர்களைத் தரகர்கள் தேடிப் பிடித்து, சிறுநீரகத்தை விற்க வைத்த செய்தி வெளியே வந்தது. அரசு விசாரணை நடந்தது, தனியார் மருத்துவமனைகளின் உறுப்பு மாற்று உரிமத்தின் மீது நடவடிக்கை வந்தது, ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. தரகர் சொல்லாத ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி உறுப்பை விலைக்கு வாங்கியவர், தரகு பார்த்தவர், மருத்துவமனை ஆகியோரோடு பணம் பெற்று உறுப்பைக் கொடுத்தவர் மீதும் வழக்கு வரலாம். தண்டனை 5 முதல் 10 ஆண்டுச் சிறை, 20 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம். உடம்பில் ஒரு பாகத்தையும் இழந்து குற்றவாளியாகவும் நிற்க வேண்டிய அபாயம் அது.

இத்தனைக்கும், அந்தச் செய்தி வருவதற்கு ஏறக்குறைய மூன்று மாதம் முன்பே சட்டப்பேரவை ஒரு மசோதாவை நிறைவேற்றியிருந்தது. கடன் தரும் நிறுவனங்கள் கட்டாயப்படுத்தி வசூலிப்பதைத் தடுக்கும் அந்த மசோதாவை 2025 ஏப்ரல் 26 அன்று துணை முதலமைச்சர் உதயநிதி ஸ்டாலின் பேரவையில் தாக்கல் செய்தார். ஜூனில் ஆளுநரின் ஒப்புதல் கிடைத்துச் சட்டமானது. அதே ஆண்டு பிப்ரவரியில் கர்நாடகம் இதே நோக்கத்தில் அவசரச் சட்டம் கொண்டுவந்திருந்தது. ஆந்திரம் 2010இலேயே அந்த வழியைத் தொடங்கிவைத்தது. கடன் வாங்கியவரையோ குடும்பத்தாரையோ மிரட்டுவது, வன்முறையில் இறங்குவது, பின்தொடர்வது, வீட்டுக்கும் வேலை செய்யும் இடத்துக்கும் திரும்பத் திரும்ப வந்து தொல்லை தருவது, பொருளைப் பறிப்பது, அரசு உதவி பெற உதவும் ஆவணங்களைப் பிடுங்கிக்கொள்வது, வெளியாட்களை ஏவிவிடுவது எல்லாம் தமிழ்நாட்டுச் சட்டத்தின் பார்வையில் கட்டாய வசூல்தான். பிணை எளிதில் கிடைக்காத குற்றமாக இது வைக்கப்பட்டிருக்கிறது. தொல்லை தாங்காமல் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டால், தற்கொலைக்குத் தூண்டியதாக வசூலித்தவர் மீது வழக்குப் பாயும்.

நல்ல சட்டம்தான். ஆனால் எழுதி வைத்த சட்டம் மட்டும் காப்பாற்றிவிடாது என்பதற்கு நம்மிடம் ஒரு கொடிய சாட்சி இருக்கிறது. கந்துவட்டித் தடைச் சட்டம் 2003இலேயே வந்துவிட்டது. பதினான்கு ஆண்டு கழித்து, 2017 அக்டோபர் 23 அன்று, கந்துவட்டிக் கொடுமைக்கு எதிராகப் பலமுறை மனு கொடுத்தும் பயன் காணாத ஒரு கூலித் தொழிலாளி, மனைவி, இரண்டு குழந்தைகளோடு திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே தீயில் கருகினார். மனு வாங்கும் இடத்திலேயே அது நடந்தது. அதை மறக்கக் கூடாது.

இனி கணக்குக்கு வருவோம், ஏனென்றால் ஏமாற்று தொடங்குவதே கணக்கில்தான். வாரக் கந்தில் 10,000 ரூபாய்க் கடன் என்று பேச்சு. கையில் 8,500 தருவார்கள். வாரம் 1,000 வீதம் பத்து வாரம் கட்ட வேண்டும். "ஆயிரத்தைந்நூறுதானே" என்று தோன்றும். ஆனால் வாராவாரம் அசல் குறைந்துகொண்டே வருவதைச் சேர்த்துப் பார்த்தால் இது ஆண்டுக்கு ஏறக்குறைய 160 விழுக்காடு வட்டி. தமிழ்நாட்டின் 1957ஆம் ஆண்டு கடன் கொடுப்போர் சட்டம் அனுமதிக்கும் உச்சம் ஆண்டுக்கு 12 விழுக்காடு. அந்தக் கணக்குப்படி இதே கடனுக்குப் பத்து வாரத்துக்கு வட்டி சுமார் 110 ரூபாய்தான் வரும். மிச்சமெல்லாம் கந்து. கந்துவட்டி, மீட்டர் வட்டி, மணி வட்டி, தண்டல் எல்லாம் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். தண்டனை மூன்று ஆண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம்.

அந்தச் சட்டத்தில் அதிகம் பேசப்படாத ஒரு வழி இருக்கிறது. கடன் வாங்கியவர் அசலையும் சட்டப்படியான வட்டியையும் நீதிமன்றத்தில் கட்டிவிட்டு, கடன் தீர்ந்ததாகப் பதிவு செய்யும்படி மனு போடலாம். கந்துக்காரரின் நோட்டில் எவ்வளவு ஏறியிருந்தாலும் சரி.

குழுக்கடன் கம்பெனிகளின் கதை வேறு. ரிசர்வ் வங்கியில் பதிவுபெற்ற நிதி நிறுவனங்களை மாநிலங்களின் கடன் கொடுப்போர் சட்டம் கட்டுப்படுத்தாது என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே அந்த 12 விழுக்காட்டைச் சொல்லி அவர்களிடம் வாதாட முடியாது. ஆனால் ரிசர்வ் வங்கியே 2022 ஏப்ரல் முதல் அவர்களுக்குக் கடுமையான நெறிகளை வைத்திருக்கிறது, இதைப் பெண்கள் மனப்பாடமாக வைத்துக்கொள்ள வேண்டும். ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்கு உட்பட்ட குடும்பத்துக்குத் தரும் இந்தக் கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது. ரேஷன் அட்டையையோ வீட்டுப் பட்டாவையோ வாங்கி வைத்துக்கொண்டால் அது தவறு. குடும்பத்தின் எல்லாக் கடன்களுக்குமான மாதத் தவணை சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. நாலு கம்பெனிகள் ஒரே வீட்டில் போட்டி போட்டுக் கடன் தருவதே இந்த நெறிக்கு முரணாகத்தான் முடியும். முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. கடன் அட்டை நமக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். வசூல் இருவரும் ஒப்புக்கொண்ட பொது இடத்தில்தான் நடக்க வேண்டும். தொடர்ந்து இரண்டு முறையோ அதற்கு மேலோ அங்கே வராமல் போனால்தான் வீட்டுக்கோ வேலைக்கோ தேடி வரலாம். காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் போன் அடிக்கவோ, எந்த நேரத்திலும் விடாமல் போன் அடித்துத் தொல்லை தரவோ கூடாது. கெட்ட வார்த்தை பேசுவதும், சொந்தக்காரரைத் தொல்லை செய்வதும், பெயரை ஊரறியச் செய்வதும் கூடாது. ராத்திரி ஏழு மணிக்கு வாசலில் உட்கார்ந்து "பணத்தை வெக்காம போக மாட்டோம்" என்று மிரட்டுகிறவர் தன் கம்பெனி பின்பற்ற வேண்டிய விதியையே மீறுகிறார்.

வாங்கும்போதே செய்ய வேண்டியதும் உண்டு. அடுத்தவருக்காக உங்கள் பெயரில் கடன் எடுத்துத் தராதீர்கள். அவர் ஊரை விட்டுப் போனால் கணக்கு உங்கள் தலையில்தான். எழுதாத புரோநோட்டிலும் தொகை போடாத காசோலையிலும் கையெழுத்துப் போடாதீர்கள். கட்டிய ஒவ்வொரு தவணைக்கும் அட்டையில் கையெழுத்தோ ரசீதோ வாங்குங்கள். கடன் தகவல் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை இலவச அறிக்கை தர வேண்டும். உங்கள் பெயரில் எத்தனை கடன் ஓடுகிறது என்று அதில் தெரிந்துவிடும்.

பட்டறைப் பாக்கிக்கும் எல்லை உண்டு. முன்பணம் கொடுப்பது குற்றமல்ல. அதைக் காட்டி வேறு பட்டறைக்குப் போகவிடாமல் தடுப்பது, குறைந்த கூலிக்கு வேலை வாங்குவது, ஆளைப் பிடித்து வைப்பது எல்லாம் 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்துக்குள் வரும். கொத்தடிமை என்று முடிவானால் அந்தக் கடனே செல்லாது, திருப்பித் தர வேண்டியதும் இல்லை. புகாரை மாவட்ட ஆட்சியரிடமும் திருச்செங்கோடு கோட்டாட்சியரிடமும் கொடுக்கலாம். பாக்கி வாங்கியது நம் தப்புதானே என்று நினைத்துக்கொண்டு வாய் திறக்காமல் இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

புகார் என்றதும் கால் பின்வாங்கும், எனக்கும் புரிகிறது. எங்கே போவது, எதைச் சொல்வது? மிரட்டல் என்றால் நேராகக் காவல் நிலையம். வசூலித்தவர் எந்த நிறுவனமாக இருந்தாலும் மிரட்டுவது பாரதிய நியாய சன்ஹிதா 351ஆம் பிரிவில் குற்றம். புகார் கொடுத்தால், அதைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது கேட்டு வாங்குங்கள். புகாரை வாங்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அதே புகாரை அனுப்புங்கள். குழுக்கடன் கம்பெனி விதி மீறினால் முதலில் அந்தக் கம்பெனிக்கே எழுத்தில் புகார் செய்யுங்கள். 30 நாளில் தீர்வு இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம், உதவி எண் 14448. கடன் தருவதும் ஒரு சேவைதான். அதில் குறையிருந்தால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் வழக்குப் போடலாம். குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமும் இல்லை, ஆனால் இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். நுகர்வோர் உதவி எண் 1915. வக்கீல் தேவைப்பட்டால் பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100க்கு அழையுங்கள்.

சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் ஒரு வார்த்தை. பேரவையில் மேசையைத் தட்டி நிறைவேற்றிய சட்டம் குமாரபாளையம் வட்டாட்சியர் அலுவலகச் சுவரில் தமிழில் ஒட்டப்பட வேண்டும். தொகுதிக்குள் கடன் தரும் நிறுவனங்களில் பதிவு பெற்றவை எவை என்ற பட்டியலும் பக்கத்தில் இருக்க வேண்டும். இந்தச் சட்டத்தில் எத்தனை புகார் வந்தது, எத்தனை வழக்கானது என்று ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் கேள்வி எழுப்புங்கள். தறிக் கூலி உயராமல், அவசரத்துக்குக் கூட்டுறவு வங்கியில் சிறுகடன் கிடைக்காமல், வசூலை மட்டும் தடுத்தால் அந்தப் பெண் அடுத்த கந்துக்காரரிடம்தான் போய் நிற்பாள்.

நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கிறது. தனியாகப் போகாதீர்கள், குழுவில் இருக்கும் மற்ற பெண்களையும் அழைத்துக்கொண்டு போங்கள். கடன் அட்டையின் நகலை மனுவோடு இணையுங்கள். மனு கொடுத்ததற்கான ஒப்புகைச் சீட்டு கைக்கு வராமல் அந்த வளாகத்தை விட்டு வராதீர்கள்.