பெற்றோர் சொல்லும் பொய்



ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்ற நாளில், எரிக் எரிக்சன் என்னும் உளநூலறிஞர் வகுத்த எட்டுப் பருவங்களைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தேன். 1950இல் வெளிவந்த தம் நூலில், மனித வாழ்வின் முதற் பருவத்துக்கு உரியதாக அவர் வைத்தது நம்பிக்கை. அது குழந்தையின் உள்ளத்தில் வேரூன்றினால்தான் பிற்காலத்தில் நட்பும் இல்லறமும் செழிக்கும் என்பது அவர் கொள்கை. அக்கொள்கையைச் சொன்னவரின் வரலாற்றைப் பல ஆண்டுகள் கழித்தே படித்தறிந்தேன். அன்று முதல் அந்தப் பாடம் எனக்கு வேறு பாடமாகிவிட்டது.

எரிக்சன் 1902இல் ஜெர்மனி நாட்டுப் பிராங்க்பர்ட் நகரில் பிறந்தார். தாய் டென்மார்க்கைச் சேர்ந்த யூதப் பெண்மணி. அவ்வம்மையார் பின்னர் ஒரு குழந்தை மருத்துவரை மணந்து, அவரே பெற்ற தந்தை என்று மகனை நம்பச் செய்தார். பகையால் கூறிய பொய்யன்று, பாசத்தால் கூறியது. ஆயினும், பொன்னிற முடியும் நீலக் கண்ணுமாக நெடிது வளர்ந்த பிள்ளைக்குக் கண்ணாடி ஒன்று சொல்லிற்று. வீட்டார் வேறொன்று சொன்னார்கள். தம்மைப் பெற்றவர் யார் என்பதை அவர் இறுதிவரை அறியவில்லை.

பெற்றோர் சொல்லும் தான் கண்டதும் மாறுபடும்போது, சிறு குழந்தை பெற்றோரை ஐயுறத் துணிவதில்லை. அவர்களை விட்டால் அதற்குப் புகலிடம் ஏது? ஆகவே தன் கண்ணையே ஐயுறுகிறது. தாயோ தந்தையோ தற்கொலை செய்துகொண்டதை அறிந்த குழந்தைகளிடம், நோயால் இறந்தார் என்று சாதித்த குடும்பங்கள் உண்டு. அத்தகைய குழந்தைகளைப் பற்றி ஜான் பௌல்பி என்னும் ஆங்கில மருத்துவர் 1979இல் எழுதினார். பிறரை நம்பாமையோடு, தம் புலன்களையே நம்பாமையும் அவர்களிடம் காணப்பட்டது. இப்படி வளர்ந்தவன் மணம் செய்துகொண்டால், மனைவி கூறும் எளிய சொல்லையும் துருவித் துருவி ஆராய்வான். அல்லது தனக்குப் பட்டதைச் சொல்ல அஞ்சி வாய்மூடி இருப்பான்.

இதன் சிறு சாயலை என் மேசைக்கு வந்த விடுப்புக் கடிதங்களிலும் கண்டிருக்கிறேன். கலியாணத்துக்குச் சென்று வந்த பையனுக்குக் கடுஞ்சுரம் என்று தந்தை எழுதிக் கையொப்பமிட்டிருப்பார். "சுரம் தணிந்ததா?" என்று கேட்டால், தந்தையைப் பொய்யராக்கவும் மனமின்றி, தான் பொய் சொல்லவும் மனமின்றி, பையன் காலால் தரையைத் தேய்ப்பான். நான் மேலே கேட்பதில்லை. அது சரிதானா என்பதில் இன்றும் எனக்கு ஐயம் உண்டு.

எரிக்சனுக்கு வருவோம். 1944இல் அவருடைய நான்காவது குழந்தை டவுன் சிண்ட்ரோம் என்னும் பிறவிக் குறைபாட்டுடன் பிறந்தது. மருத்துவர்கள் அக்காலத்தில் கூறிவந்த அறிவுரைப்படி, அதைக் காப்பகத்தில் சேர்த்தார்கள். மூத்த மகனிடம் உண்மையைக் கூறிய எரிக்சன், மற்ற இருவரிடமும் தம்பி பிறந்தவுடன் இறந்துவிட்டான் என்றார். பொய்யால் வருந்திய பிள்ளை, தந்தையானதும் அதே மருந்தையே கையில் எடுத்தார். நம்பிக்கையைப் போற்றிய அந்நூல் வெளிவந்தபோது, அச்சிறுவன் காப்பகத்தில் உயிரோடிருந்தான். 1965இல்தான் இறந்தான்.

1969இல் எரிக்சன் 'காந்தியின் உண்மை' என்னும் பெருநூல் எழுதினார். அதன் நடுவே, மறைந்த அடிகளை விளித்துக் கடிதம் வரைந்து, வீட்டாரிடம் அவர் நடந்துகொண்ட முறையில் உண்மைக்கு மாறானதும் கலந்திருந்தது எனக் குறை கூறுகிறார். இதை எழுதும்போது தம் கடைசி மகனை நினைத்தாரோ என்னவோ!

எரிக்சனின் மகளும் வளர்ந்து உளப்பகுப்பாய்வாளரானார். 2005இல் தந்தையைப் பற்றி நூல் எழுதினார். உலகம் கண்ட எரிக்சனுக்கும் வீட்டில் தாம் கண்ட தந்தைக்கும் இருந்த இடைவெளியும், இறந்ததாகச் சொல்லப்பட்ட தம்பியும் அதில் வருகிறார்கள்.