மோசே தன் சாவை எழுதினாரா?



பண்டத்தரிப்பில் ஒருநாள் மாலைச் செபம் முடிந்தபின், முதிய தாயொருவர் திருவிவிலியத்தில் இணைச்சட்டம் 34ஆம் அதிகாரத்தில் விரலை வைத்தபடி என்னிடம் வந்தார். “சுவாமி, இது மோசே எழுதின புத்தகம் எண்டுதானே படிச்சனாங்கள்? அப்ப தன்ர சாவையும் அடக்கத்தையும் அவர் எப்பிடி எழுதினவர்?” பிறகு குரலைத் தாழ்த்தி, “இப்பிடிக் கேக்கிறது பாவமோ?” என்றார்.

அந்த அச்சம் எனக்குப் புதிதல்ல. 1820இல் அமெரிக்க மிஷன் மருத்துவர் ஜோன் ஸ்கடர் வந்து பணி தொடங்கிய ஊர் இது. அயல்வீடுகளில் வேதாகமம் விரிந்திருக்க, நம் வீடுகளில் செபமாலையே கைகளில் தவழ்ந்தது. மறைநூலை ஆராய்வது பிரிந்த சகோதரரின் வேலை என நம் முன்னோர் பலர் எண்ணினர்.

அத்தாய்க்கு எருசலேமிலுள்ள ஒரு பள்ளியைப் பற்றிச் சொன்னேன். தமஸ்கு வாயிலுக்கு வெளியே, புனித முடியப்பர் கல்லெறியுண்டு இறந்ததாக மரபு கூறும் நிலத்தில், சாமிநாதர் சபைத் துறவி மரி ஜோசப் லக்ராஞ்ச் 1890 நவம்பர் 15இல் விவிலியப் பள்ளியைத் திறந்தார். முதல் வகுப்பறை, முன்பு ஆடுமாடு அறுத்த கொட்டில். (ஓலைக்கொட்டிலில் அரிச்சுவடி படித்த நமக்கு இது வியப்பாக இராது.) விவிலியத்தை அது பிறந்த மண்ணில், அதன் மொழிகளோடும் கல்வெட்டுகளோடும் சேர்த்துப் படிக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. இன்று அதன் நூலகத்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள் உள்ளன. 1956இல் ஒரே நூலாக வெளிவந்த பிரெஞ்சு ‘எருசலேம் விவிலியம்’ அப்பள்ளியின் உழைப்பே.

ஆனால் அத்தாயின் கேள்வியைக் கேட்டதற்காக லக்ராஞ்ச் கொடுத்த விலை பெரிது. மோசேயின் ஐந்நூல்கள் பல மூலங்களிலிருந்து உருவானவை என 1897இல் அவர் எடுத்துரைத்தார். தொடக்கநூலுக்கு அவர் எழுதிய விளக்கவுரையை வெளியிட அனுமதி கிட்டவில்லை. 1912இல் உரோமை அவரது நூல்களைக் குருமடங்களிலிருந்து விலக்கியது. அவர் கீழ்ப்படிந்து பிரான்சுக்குத் திரும்பினார். மறு ஆண்டு மீண்டும் எருசலேமுக்கு அனுப்பப்பட்டபோது, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அன்று திருச்சபையில் அவருக்கு நீதி கிடைத்தது என்று என்னால் சொல்ல இயலவில்லை. மூலமொழிகளையும் இலக்கிய வகைகளையும் ஆராயுமாறு பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் சுற்றுமடல் வழியாக அறிஞரை ஊக்குவித்தது 1943இல். லக்ராஞ்ச் 1938இலேயே இறந்துவிட்டார்.

“கேட்பது பாவமில்லை, அம்மா. மோசேயின் இறப்பைப் பின்வந்தோரே எழுதிச் சேர்த்தனர்” என்றேன். அவர் மனமோ வேறிடத்தில் நின்றது. “அப்ப அந்தச் சுவாமி அதைக் காணாமலே போயிட்டாரோ? மோசே மாதிரித்தான்.”

ஆம் என்றேன். 1967இல் அவரது உடலின் எச்சங்களைப் பிரான்சிலிருந்து எடுத்துவந்து, பள்ளியை அடுத்துள்ள முடியப்பர் ஆலயத்தில் அடக்கம் செய்தனர்.