மூன்று சரக்கும் ஒரு கஷாயமும்

தெல்தோட்டை என்றதும் லூல்கந்துர தோட்டமும், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் அங்கே பயிரிட்ட தேயிலையும் நினைவுக்கு வரும். அதே மலையில் அவர் சின்கோனாவும் வளர்த்தார். அந்த மரத்தின் பட்டையைத் தென்னமெரிக்காவில் காய்ச்சலுக்குக் கொடுத்துவந்தார்கள். 1820இல் பிரெஞ்சு வேதியியலாளர்கள் அதிலிருந்து குயினைனைப் பிரித்தெடுத்த பிறகே, மலேரியாவுக்கு அளவறிந்து கொடுக்கக்கூடிய மருந்து கிடைத்தது.

புற்றுநோய்க்கும் இப்படி நடந்திருக்கிறது. முற்றத்தில் பூக்கும் நித்தியகல்யாணியை நீரிழிவுக்கான மருந்தென்று நம்பி 1950களில் கனடாவில் சோதித்தார்கள். எலிகளுக்குச் சர்க்கரை குறையவில்லை. இரத்தத்தின் வெள்ளையணுக்கள் குறைந்தன. அந்தச் செடியிலிருந்து வந்த வின்கிறிஸ்டின்தான் இன்றும் இரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளைகளுக்கு ஏற்றப்படுகிறது.

நம் நாட்டுக் கஷாயம் ஒன்றும் ஆய்வுகூடம் போயிருக்கிறது. கருஞ்சீரகம், நன்னாரி வேர், பறங்கிக்கிழங்கு ஆகிய மூன்றையும் காய்ச்சி, ஆயுர்வேத வைத்தியக் குடும்பம் ஒன்று புற்றுநோயாளருக்குக் கொடுத்துவந்தது. பேராசிரியர் ஐரா தாப்ரூவும் இலங்கை ஆய்வாளர்கள் சிலரும் அதைச் சோதித்தார்கள். ஈரலில் புற்றை உண்டாக்கும் இரசாயனம் கொடுக்கப்பட்ட எலிகளில், கஷாயம் குடித்தவற்றுக்குப் புற்றின் ஆரம்ப மாற்றங்கள் குறைவாக இருந்ததை 2003இல் வெளியிட்டார்கள். 2006இல் வெளிவந்த நீண்டகால ஆய்வும் அதற்கு ஆதரவாகவே அமைந்தது.

மனித உயிரணுக்களிலும் பார்த்தார்கள். இதற்குப் பயன்பட்டவை, 15 வயதுச் சிறுவன் ஒருவனின் ஈரல் கட்டியிலிருந்து எடுத்து உலகெங்கும் ஆய்வுகூடங்களில் வளர்க்கப்படும் உயிரணுக்கள். இத்தகைய சோதனைகளில் உள்ளங்கையகலத் தட்டு ஒன்றின் 96 சிறு குழிகளில் உயிரணுக்களை வளர்த்து, குழிக்குக் குழி மருந்தின் அளவைக் கூட்டிக்கொண்டே போவார்கள். பிறகு மஞ்சள் சாயம் ஒன்றை விடுவார்கள். உயிருள்ள அணுக்கள் அதை ஊதாவாக மாற்றும். மடிந்த இடத்தில் மஞ்சள் அப்படியே நிற்கும். கஷாயத்தின் அளவு கூடக்கூடப் புற்றணுக்கள் அதிகமாக மடிந்தன. அவை தம்மைத் தாமே அழித்துக்கொள்ளும் இயல்பான வழியைக் கஷாயம் தூண்டுவதாகப் பின்வந்த ஆய்வுகள் காட்டின.

இது பெருமைப்படத்தக்க வேலை. ஆனாலும் இது தொடக்கம் மட்டுமே. குழியில் ஊற்றினால் கடும் உப்புக் கரைசல்கூடப் புற்றணுவைக் கொல்லும். நாம் குடிக்கும் மருந்து குடலில் உறிஞ்சப்பட்டு, ஈரலில் சிதையாமல் தப்பி, கட்டியைப் போதிய அளவில் அடைய வேண்டும். நல்ல அணுக்களையும் விட்டுவைக்க வேண்டும். மஞ்சளிலுள்ள குர்குமின் தட்டில் வெகு நன்றாக வேலை செய்கிறது, உடலிலோ மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது. எலியில் பலித்தவையும் பல, மனிதரில் பலிக்காமல் போயிருக்கின்றன. ஆட்களைக் குழுக்களாகப் பிரித்து ஒப்பிட்டுப் பார்க்கும் மருத்துவப் பரிசோதனையில் தேறினால்தான் ஒன்றை மருந்து என்று சொல்லலாம்.

மூலிகை என்றால் தீங்கில்லை என்பதும் தவறு. ஈஸ்வரமூலி இனச் செடிகளிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயையே உண்டாக்கும். சில மூலிகைகள் ஈரலின் நொதிகளை மாற்றி, ஏற்றப்படும் புற்றுநோய் மருந்தின் அளவை இரத்தத்தில் கூட்டவோ குறைக்கவோ செய்யும்.

ஆகவே தெல்தோட்டையிலிருந்து கண்டிக்குக் கிளினிக் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கஷாயத்தை நம்பிச் சிகிச்சையை நிறுத்திவிடாதீர்கள். ஏதேனும் குடிக்கிறீர்கள் என்றால் ஒளிக்காமல் டொக்டரிடம் சொல்லுங்கள். என்னென்ன சரக்கு சேர்ந்திருக்கிறது என்று எழுதிய துண்டையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.