உஷார்! ‘டிஷ்யூ கல்ச்சர்’ மாங்கன்றா?

பசறை, ஹாலிஎல, தெமோதரை, நமுனுகுலைப் பக்கத்துத் தோட்டத்துச் சனங்களே, ஐப்பசி மழை இறங்கினால் கன்று நடும் காலம். லயத்து வாசலில் லொறியை நிறுத்தி, “டிஷ்யூ கல்ச்சர் மா, டிஷ்யூ கல்ச்சர் ரம்புட்டான், டிஷ்யூ கல்ச்சர் டூரியன்” என்று யாராவது கூவினால் காசை வெளியே எடுக்காதீர்கள்.

டிஷ்யூ கல்ச்சர், அதாவது செடியின் சிறு துண்டைப் போத்தலில் வளர்த்துப் பெருக்கும் இழைய வளர்ப்பு, பொய்யில்லை. வாழையும் அன்னாசியும் உலகமெங்கும் அப்படித்தான் இலட்சக்கணக்கில் பெருக்கப்படுகின்றன. மா அப்படியல்ல. வெட்டிய துண்டு தன் சாற்றாலேயே கறுத்துப் போகும். உள்ளே ஒளிந்திருக்கும் கிருமி போத்தலைக் கெடுக்கும். தப்பிப் பிழைத்தாலும் இலேசில் வேர் விடாது. அவுஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகம் பட்டர் புரூட்டில் சாதித்திருக்கிறது, உண்மை. அதற்காக அது பதுளை வீதியில் லொறியில் வந்துவிடாது. நல்ல மா, ரம்புட்டான், டூரியன் இன்றைக்கும் ஒட்டுக்கன்றுதான்.

மாங்கன்றின் தண்டில் மண்ணுக்குச் சற்று மேலே பாருங்கள். ஒட்டுத் தழும்பு இருந்தால் அது ஒட்டுக்கன்று. பெயரை மாற்றி விலையை ஏற்றியிருக்கிறார்கள். தழும்பே இல்லையென்றால் அநேகமாக வெறும் விதைக்கன்று. ஆறேழு வருஷம் காத்திருக்க வேண்டும், கடைசியில் என்ன பழம் வரும் என்பதும் தெரியாது. லயத்துக்குப் பின்னால் இருக்கிற துண்டு நிலத்தில் அத்தனை வருஷத்தை யார் திருப்பித் தருவார்?

இதில் போவது காசும் காலமும். வாழையில் வரும் ஆபத்து இதைவிடப் பெரிது, ஏனென்றால் அங்கே கன்று அசலாகவே இருக்கும்.

அசல் இழைய வளர்ப்பு வாழையின் அடியில் வெட்டிய கிழங்குத் துண்டு இருக்காது. இளம் இலையில் செம்பழுப்புத் திட்டுகள் இருக்கலாம். அது நோயல்ல, போகப் போக மறையும். பயப்பட வேண்டியது கண்ணுக்குத் தெரியாத முடிக்கொத்து வைரசுக்கு. தாய்மரத்தில் அது இருந்தால் போத்தல் அதைத் தடுக்காது. பிள்ளைகளோடு சேர்த்து அதையும் ஆயிரக்கணக்கில் பெருக்கிக் கொடுக்கும். இலங்கைக்கு இது புதிய நோயும் இல்லை, நூறு வருஷத்துக்கு மேலாக இங்கே இருக்கிறது. ஆகவே விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது, தாய்மரம் வைரஸ் பரிசோதனை செய்யப்பட்டதா, சான்று எங்கே என்பதுதான். விவசாயத் திணைக்களத்துக்கு ஹோமாகமையில் இதற்கென்றே ஒரு நிலையம் இருக்கிறது. முறையாகக் கன்று செய்பவருக்கு இந்தக் கேள்வி புதிதாக இருக்காது. முழிப்பவரை அனுப்பிவிடுங்கள்.

‘நோயில்லாத கன்று’ என்பதை ‘நோய் பிடிக்காத கன்று’ என்று மாற்றிச் சொல்வார்கள், அதையும் நம்பாதீர்கள். பனாமா வாடல் நோய்க் காளான் மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும். கோழிக்கூட்டு வாழை மஞ்சளாகிச் சாய்ந்த குழியிலேயே புதுக் கோழிக்கூட்டை வைத்தால், அது போத்தலில் பிறந்திருந்தாலும் போகும். இளம் இழையக் கன்றை இந்த நோய் இன்னும் இலகுவாகப் பிடிக்கிறது.

திருச்சியில் உறவுக்காரர் உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. திரும்பி வரும்போது பையில் இரண்டு வாழைக்கன்றை மறைத்துக் கொண்டு வராதீர்கள். கெவன்டிஷ் வாழையையும் சாய்க்கும் டிஆர்-4 என்ற புதுப் பனாமா இனம் இந்தியாவில், பீகார் பக்கம் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. வேரில் ஒட்டிய ஒரு பிடி மண் போதும். அனுமதியில்லாமல் கன்று கொண்டு வருவது 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

போத்தலிலிருந்து எடுத்த கன்றுக்கு வெயிலும் காற்றும் தெரியாது. தவறணையில் பல வாரம் பழகி, ஒரு அடி உயரமும் ஐந்தாறு இலையும் வந்தபிறகு வாங்குங்கள். கச்சான் காற்றுக் காலத்தில் நடவே வேண்டாம்.

ஏற்கனவே நட்டாயிற்றா? பழைய வாழைப் புதர் பக்கத்தில் இருந்தால் இரண்டையும் கவனியுங்கள். முடிக்கொத்தின் அடையாளமாகப் புது இலை ஒடுங்கி, நிமிர்ந்து, உச்சியில் கொத்தாக நின்றால், இலைக்காம்பில் கரும்பச்சைக் கோடும் புள்ளியும் தெரிந்தால், விவசாயப் போதனாசிரியரிடம் சொல்லுங்கள், அல்லது விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழையுங்கள். ஆத்திரத்தில் உடனே பிடுங்கி எறியாதீர்கள். முதலில் மருந்தடித்து, வைரசைக் காவும் அழுக்கணவன் பூச்சியைக் கொல்ல வேண்டும். பிறகுதான் கிழங்கோடு தோண்டி அழிக்க வேண்டும். முறை மாறினால், பூச்சி வைரசோடு அடுத்த வீட்டு வாழைக்குப் போய்விடும்.